காற்றைப் பங்கிட்ட பதினெட்டு வீடுகள்

நிலத்தைப் பங்கிட்டவர்களை உலகம் அறியும். நீரைப் பங்கிடப் போய் நீதிமன்றப் படிகளைத் தேய்த்தவர்களையும் அறியும். ஆனால் காற்றைப் பங்கிட்டு, அதற்கு நான்கெல்லை குறித்து, மூன்று படிகளில் கையொப்பமிட்டு, கோப்பில் கட்டி வைத்த பெருமை எங்கள் பதினெட்டு வீட்டுக் குடியிருப்பைத் தவிர வேறு எவருக்கும் கிடையாது. அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான். தொழில்முறையில் பத்திர எழுத்தன். தொண்டுமுறையில் ‘அலைவரிசைப் பங்கீட்டுக் குழு’வின் செயலாளர். நான் தற்பெருமை பேசுகிறவன் அல்ல. பேசினால் அதைத் தனிப் பத்தியில் பேசுவேன்.

எங்கள் கட்டடம் இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே, இரண்டு பெரியவர்களின் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னவனைப் போல நிற்கிறது. கைபேசிக் கோபுரம் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அதைப் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் இணைய அலை வாங்கும் ஒரு தட்டு, அதன் கீழே ஒரு பெட்டி. பதினெட்டு வீட்டுப் பேச்சும் படமும் மின்னஞ்சல் கடுதாசியும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் காற்றில் ஏறிப் போகவேண்டும், இறங்கி வரவேண்டும்.

குழு அமைவதற்கு முந்தைய இருண்ட காலத்தில் எவரும் எதையும் எப்போது வேண்டுமானாலும் பார்த்தார்கள், பேசினார்கள். அவ்வப்போது எல்லோருக்கும் ஒன்றாக நின்றுபோகும். எல்லோரும் கதவைத் திறந்து வெளியே வந்து, “உங்களுக்கும் வரலையா?” என்று கேட்பார்கள். “வரலை” என்ற பதில் கேட்டதும் மனநிறைவோடு உள்ளே போய்விடுவார்கள். இப்படிப்பட்ட காட்டுமிராண்டிச் சமத்துவத்துக்கு முடிவு கட்டியவர் எங்கள் தலைவர்.

தலைவர், எடை அளவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு ஆண்டுகள் தராசு பார்த்த கண். இன்னும் யாராவது அவருக்கு வணக்கம் சொன்னால், அது முழு அளவில் இருக்கிறதா என்று ஒரு கணம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வார். குழுவில் மூன்றாவது உறுப்பினர் முதல் மாடிப் பல் டாக்டர். அவர் மாலைத் தொடர்களின் தீவிர ரசிகர். பொதுநலத்தில் அவருக்கு அக்கறை வந்த காரணமும் அதுதான்.

தொழில்நுட்ப ஆலோசனைக்காக மூன்றாம் மாடிப் பொறியாளரை அழைத்தோம். கம்பியில்லாத் தகவல்தொடர்பில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயதிருக்கும். அவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

“சார், நம்ம லிஃப்ட்டை நினைச்சுக்கங்க” என்றாள். “லிஃப்ட்டு ஒண்ணுதான். ஆள் போகணும், கட்டில் போகணும், அரிசி மூட்டை போகணும். குரல்ங்கிறது ஆள் மாதிரி. கொஞ்சம் இடம் போதும், ஆனா நிக்க வைக்கக் கூடாது. படம்ங்கிறது கட்டில். இடத்தை அடைச்சுக்கும். கடுதாசி மூட்டை மாதிரி. கொஞ்சம் முன்னப்பின்ன போனாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆளுக்கு முதல்ல வழி விடுங்க, ஆள் இல்லாதப்போ மத்ததை ஏத்துங்க. அவ்வளவுதான். இதைப் பெட்டியே பாத்துக்கும். அரை மணி நேரத்துல சரிபண்ணிக் குடுத்துடறேன்.”

அரை மணி நேரம்! ஒரு குழு அமைத்து, தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று மூன்று பேர் அமர்ந்திருக்கும்போது, அரை மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்வது எவ்வளவு பெரிய அவமரியாதை! தலைவர் பொறுத்துக்கொண்டார்.

“ஏம்மா, நீங்க தொழில்நுட்பத்தைப் பாருங்க. நியாயத்தை நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

நியாயத்தைப் பார்க்க எங்களுக்கு ஒன்பது கூட்டங்கள் ஆயின.

முடிவில் பிறந்த ‘காற்றுப் பங்கீட்டுப் பத்திரம்’ நான்கு வகுப்புகளை உடையது. முதலாவது ‘குரல்’. குரலுக்குக் கொஞ்சம் இடம் போதும் என்று பொறியாளர் சொன்னாள் அல்லவா? முதல் வகுப்புக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் அது முதல் வகுப்பாகுமா? மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினோம். யாரும் பேசாதபோது அந்த இடத்தை வேறு எவரும் தொடக்கூடாது; விழா மண்டபத்தின் முன்வரிசை நாற்காலி போல அது காலியாக இருந்து மரியாதையைக் காக்க வேண்டும். இரண்டாவது ‘படம்’. மிச்சம் இருந்தால் உண்டு. மூன்றாவது ‘கடுதாசி’.

“கடுதாசி காத்திருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று தலைவர் பொறியாளரைக் கேட்டார்.

“காத்திருக்க முடியும்னு சொன்னேன், சார்.”

“முடியும்னா காத்திருக்க வேண்டியதுதானே?”

எனவே ஒவ்வொரு கடுதாசியும், வருவதானாலும் போவதானாலும், குறைந்தது மூன்று நாள் பெட்டியிலேயே காத்திருக்க வேண்டும் என்று விதி செய்தோம். பொறுமை ஒரு நற்குணம். அதை இயந்திரங்களுக்கும் கற்பித்த முதல் குழு எங்களுடையது.

நான்காவது ‘சிறப்பு வகுப்பு’. அது குழுவின் அலுவல்களுக்கு மட்டும். குழுவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவும் அதற்கு. நாங்களே பங்கிடுகிறவர்கள் என்பதால் எங்களுக்கு அளவு வைப்பது முறையல்ல. அகப்பை தனக்கு எவ்வளவு என்று கேட்குமா?

பொறியாளர் பத்திரத்தை இருமுறை படித்தாள். “நிஜமாவே இப்படியே வைக்கணுமா?” என்று ஒருமுறை கேட்டாள். பிறகு மொட்டை மாடிக்குப் போய் அப்படியே வைத்தாள்.

பலன் உடனே தெரிந்தது. பல் டாக்டரின் தொடரில், மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கினார். அந்த அறை கன்னத்தில் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆயிற்று. “இப்படி ஒரு அறையை என் வாழ்க்கையில பாத்ததில்லை. ஒவ்வொரு விரலா ரசிச்சேன்” என்று டாக்டர் உருகினார். இரண்டாம் மாடியில் உடற்பயிற்சி ஆசிரியை ஒருத்தி, காற்று வழியாக வகுப்பு எடுப்பவள், “மூச்சை நல்லா உள்ள இழுங்க… அப்படியே நிறுத்துங்க…” என்றாள். அத்தோடு அவள் படம் நின்றது. அந்தப் பக்கம் பதினோரு மாணவிகள் முகம் சிவந்து, கண் பிதுங்கி, குருபக்தியோடு காத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் துரோகம் செய்து மூச்சு விட்டாளாம். ஆசிரியை எங்களிடம் புகார் கொண்டு வந்தாள். அவர்களுடைய நுரையீரல் திறன் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டி, பாராட்டுக் கடிதம் ஒன்று கொடுத்து அனுப்பினோம்.

என் மனைவி மட்டும், “நீங்க காத்தைப் பிரிச்சது போதும். கொடியில கிடக்கிற துணியைப் பிரிச்சு மடிச்சு வைங்க” என்றாள். பெரிய காரியங்களுக்கு வீட்டிலிருந்துதான் முதல் எதிர்ப்பு வரும்.

இந்தப் பொற்காலத்தில்தான் தையல்காரர் மனுக் கொடுத்தார்.

தையல்காரரின் கடை எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவர் குடியிருப்பு. நாற்பத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. அந்தக் காதுக்கு வேறு வேலை இல்லை. பிறவியிலேயே அவருக்குக் காது கேட்காது, வாய் பேசாது. வாடிக்கையாளர்களோடு பேச, மேசைமேல் ஒரு கறுப்புத் துணி விரித்திருப்பார். அதில் சாக்குக்கட்டியால் எழுதுவார். அழிக்க வேண்டுமானால் துணியை ஒரு உதறு. அவரோடு சண்டை போடப் போனவர்கள் எல்லாம், அவர் உதறும் வெள்ளைப் பொடியில் தும்மிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அவருடைய மனு ஐந்தே வரி. “ஐயா, என் பேச்சு என் கையில் இருக்கிறது. கையைப் படத்தில்தான் பார்க்க முடியும். மாலை ஆறு மணிக்கு நான் ஒருவரோடு பேசுவேன். அப்போது படம் நின்று நின்று வருவதால் பாதி வாக்கியம்தான் போய்ச் சேருகிறது. என் படத்தைக் குரல் வகுப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.”

அந்த ‘ஒருவர்’ யார் என்று மனுவில் இல்லை. அப்போது எங்களுக்குத் தெரியாது. பின்னால் பொறியாளர் சொல்லித் தெரிந்தது. அந்த ‘ஒருவர்’ வேறொரு நகரத்தில் நூலகராக இருக்கும் பெண். அவருக்கும் காது கேட்காது. ‘அமைதி காக்கவும்’ என்று எழுதிய பலகையை அந்த நூலகத்தில் முழுமையாக மதித்த ஒரே ஊழியர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கோட்டுத் தைப்பதற்காக நம் தையல்காரரைப் படத்தில் கூப்பிட்டார். கை நீளம் எவ்வளவு என்று கையாலேயே பேசத் தொடங்கினார்கள். கை நீளத்திலிருந்து மழைக்குப் போனார்கள், மழையிலிருந்து புத்தகத்துக்கு, புத்தகத்திலிருந்து சின்ன வயதுக்கு. கோட்டு மூன்றாவது வாரத்திலேயே தைத்துப் போய்விட்டது. கை அளவு மட்டும் எட்டு மாதமாக எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

மனு, குழுவின் முன் வைக்கப்பட்டது.

“குரல்னா என்ன?” என்று தலைவர் தொடங்கினார். “சத்தம் வரணும். சத்தம் வரலேன்னா அதுக்குப் பேர் மௌனம். மௌனத்துக்கு நாம எந்தத் தடையும் போடலையே! அவர் எவ்வளவு வேணும்னாலும் மௌனமா இருந்துக்கலாம்.”

“வாயைத் திறக்காம பேசறவங்களை என் தொழில்முறையில நான் ஒத்துக்கவே முடியாது” என்றார் பல் டாக்டர்.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க” என்றேன் நான், என் பங்குக்கு. “கையுள்ள பிள்ளைன்னு சொல்லலை.”

எதற்கும் இயற்கை நீதி என்று ஒன்று உண்டு. எனவே, ‘மனுதாரர் நேரில் ஆஜராகி, தமது சொந்தக் குரலில் விளக்கம் அளிக்க வேண்டும்’ என்று நான் அறிவிப்பு அனுப்பினேன். அவர் கறுப்புத் துணியோடு வந்தார்.

தலைவர் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை நாளா காது கேக்காது?”

தையல்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் குரலை உயர்த்தினார்: “எத்தனை நாளா கேக்காது?”

மூன்றாம் முறை அவர் கேட்டது, தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது. அவர்களில் ஒருவர், “எனக்கு நல்லாவே கேக்குதுங்க!” என்று பதிலும் சொன்னார். தையல்காரர் துணியில் எழுதிக் காட்டினார்: “எழுதித் தாருங்கள்.”

“குறிப்பு எடுத்துக்கங்க” என்றார் தலைவர் என்னிடம். “மனுதாரர் ஒத்துழைக்கவில்லை.”

அதற்குள் பொறியாளர் வந்து சேர்ந்தாள். தையல் கடைக்குப் போய்வந்து கைமொழி கொஞ்சம் கற்றிருந்தாள். “சார், இது ரொம்பச் சின்ன விஷயம். அவர் கை அவருக்குக் குரல். ‘குரல்’ வகுப்புல மூணுல ஒரு பங்கு சும்மாதான் கிடக்குது. அதுல இவர் படத்தை விட்டா யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பொத்தானை அழுத்தினா போதும்.”

“கையால பேசறவரைக் குரல்ல சேத்தா, நாளைக்குக் கண்ணால பேசறவங்க வருவாங்க. மாடிப்படியில நெறைய பேர் அப்படித்தான் பேசறாங்க” என்றார் தலைவர்.

“கையில பேசறாருன்னா அப்ப இவர்தானே உண்மையான கைபேசி!” என்றார் பல் டாக்டர். தானே சிரித்தார். அந்தச் சிரிப்பு ‘குரல்’ வகுப்பில் பதிவாயிற்று.

முன்மாதிரி இல்லாத கேள்வி என்பதால், ‘குரலற்றோருக்கும் குரல்’ என்ற தலைப்பில் ஒரு சிறப்புக் கூட்டம் நடத்துவதென்று முடிவாயிற்று. வியாழன் மாலை ஆறு மணி. பதினெட்டு வீட்டாரும் அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி நேரலை. ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்றால் சும்மாவா? இரண்டு கேமராக்கள். ஒன்று தலைவரின் முகத்துக்கு, மற்றொன்று தலைவரின் பக்கவாட்டு முகத்துக்கு. மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும் தரம்.

அன்று நான் பேசிய பேச்சைப் பற்றித் தனிப் பத்தி தேவை. ‘பேச வாயில்லாதவர்களுக்காகப் பேசுவதே வாயுள்ளவர்களின் முதல் கடமை’ என்று தொடங்கினேன். ஐந்து நிமிடம். தலைவர் பன்னிரண்டு நிமிடம். குரலற்றவர்கள் படும் துயரத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. முதல் கேமரா அருகே போயிற்று. ஆறு மணி பதினேழு நிமிடத்துக்குத் தேநீர் வந்ததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. முடிவு, ஞாயிறு காலை பத்து மணிக்கு அறிவிக்கப்படும்.

அதே வியாழன், அதே ஆறு மணிக்கு, எங்களுக்கு நேர் கீழே தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரி, கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் நூலகர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். “இந்தக் கை அளவு முடிகிற மாதிரி தெரியவில்லை. கல்யாணம் செய்துகொண்டு நிதானமாக எடுக்கலாமா? நாளை ஆறு மணிக்குச் சொல்லுங்கள்.”

தையல்காரர் இரவெல்லாம் பதிலைத் தைத்து வைத்திருந்தார். “வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?” என்று தொடங்கி, அவரைப் பார்க்காத நாட்களை எல்லாம் எப்படிக் கடத்தினார் என்பதுவரை. கையை உயர்த்தினார். புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கி, உள்ளங்கையை முன்னால் நீட்டி, ‘வேண்டாம்’ என்று காட்டினார்.

அத்தோடு அங்கே படம் நின்றது.

பதினேழு நிமிடம். அந்த நகரத்தில், நூலகத்தின் பின்னறையில், நெரித்த புருவமும் நீட்டிய உள்ளங்கையுமாக ஒரு மனிதர் ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பக்கமும் படம் நின்றிருந்தது. ஆனால் இங்கே நின்றது நூலகரின் புன்னகை. பதிலை எதிர்பார்த்து, தலையை லேசாகச் சாய்த்து, கண் விரியச் சிரித்த முகம். தான் சொல்வதை இவ்வளவு ஆசையாக, கண்கூட இமைக்காமல் கேட்ட ஒருவரைத் தையல்காரர் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தத் தெம்பில் திட்டமிட்டதற்கு மேலும் சொன்னார். எந்தக் கோட்டுத் தைத்தாலும் நூலகரின் கை நீளத்துக்கே கத்தரி போவதைச் சொன்னார். இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழாவது நிமிடத்தில் படம் அறுந்தது. வழக்கமாக அறுவதுதானே என்று எழுந்து வெளியே வந்து, படிக்கட்டில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் கைகுலுக்கினார். தேநீர்க் கோப்பையோடு நின்ற எனக்கும் குலுக்கினார். என் பேச்சைப் பாராட்டுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நூலகர் அன்றே ஒரு கடுதாசி அனுப்பியிருந்தார். அது எங்கள் விதிப்படி பெட்டியில் பொறுமை பழகிக்கொண்டிருந்தது. வெள்ளியும் சனியும் அவர் படத்தில் வரவில்லை. நூலகத்தில் கணக்கெடுப்பு வேலை இருப்பதாக முன்பே சொல்லியிருந்ததால் தையல்காரருக்குச் சந்தேகம் எழவில்லை. கல்யாணச் சட்டைக்குத் துணி வெட்ட ஆரம்பித்திருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு, கையில் ஒரு பொட்டலத்தோடு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி. நான் கூட்டத்துக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். தையல்காரர் கடையிலிருந்து பார்த்தார். கையிலிருந்த கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, முகம் முழுக்கச் சிரிப்போடு ஓடினார். அந்தப் பெண் விரித்த கைகளில் பொட்டலத்தை வைத்தார். பொட்டலம் பிரிந்தது. உள்ளே கோட்டு.

தையல்காரர் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ‘பொத்தான் ஏதாவது அறுந்துவிட்டதா?’ என்று கேட்டார் போலிருக்கிறது. ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கைகள் பதில் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பூனை எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது.

அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்த பொறியாளர், படியிலேயே நின்று பார்த்தாள்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றேன்.

“‘நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வேண்டாம்னா ஒருதடவை சொன்னா எனக்குப் புரியாதா? பதினேழு நிமிஷம் விடாம வேண்டாம் வேண்டாம்னு காட்டணுமா? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்’னு சொல்றாங்க.”

தையல்காரரின் கைகள் அந்தரத்தில் நின்றன. இந்த முறை குற்றம் பெட்டியுடையது அல்ல.

பொறியாளருக்கு அந்தப் ‘பதினேழு நிமிஷம்’ உறைத்தது. பிறகு இரண்டு இரண்டு படியாக மொட்டை மாடிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தாள். தையல்காரரையும் நூலகரையும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கூட்ட அறைக்குள் நுழைந்தாள். தலைவர் அப்போதுதான், “அவையோர்க்கு வணக்கம்” என்று தொடங்கியிருந்தார்.

“சார், வியாழக்கிழமை ஆறு மணியிலேர்ந்து ஆறு பதினேழு வரைக்கும் காத்து யார் யாருக்குப் போச்சுன்னு பெட்டியில பதிவாயிருக்கு. படிக்கட்டுமா?”

“ஒளிவுமறைவற்ற நிர்வாகம்மா நம்மளுது. படிங்க.”

“நூறு பங்குன்னா, குரலுக்கு ஒதுக்கினது முப்பத்திமூணு. அதுல ஓடுனது ஒண்ணே ஒண்ணு. டாக்டரோட சம்சாரம் ‘உங்க வீட்டுலயும் படம் வரலையா’ன்னு ரெண்டாம் மாடிக்குப் போட்ட போன்.”

பல் டாக்டர் தலையைக் குனிந்து தன் பற்களை நாவால் எண்ணினார்.

“சிறப்பு வகுப்புக்கு அறுபது. நம்ம நேரலை. மிச்சம் ஏழு பங்குல பதினெட்டு வீடும் இருந்துது. இவரும் அதுலதான் இருந்தார்.” தையல்காரரைக் காட்டினாள். “இவர் பேச்சு நடுவுல நின்னதுக்குக் காரணம், இவருக்குப் பேச இடம் குடுக்கலாமான்னு நாம பேசினதுதான்.”

அறையில் அமைதி நிலவியது. அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

“அது இருக்கட்டும்” என்றார் தலைவர், சற்றே உற்சாகமாக. “என் பேச்சை எத்தனை பேர் பாத்தாங்க?”

“யாரும் பாக்கலை, சார்.”

“ஏன்?”

“எல்லாரும் பாக்கணும்னு அனுப்பினதுல, யாருமே பாக்க இடம் மிச்சமில்லை.”

இதையெல்லாம் பொறியாளர் வாயால் சொல்லும்போதே கையாலும் திக்கித் திணறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூலகர் தாளை வாங்கிப் பார்த்தார். நூலகர் அல்லவா, எழுத்தில் இருந்தால்தான் நம்புவார். ஆறு மணி. ஆறு பதினேழு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தையல்காரரின் பக்கம் திரும்பி, ‘நின்ற இடத்திலிருந்து சொல்லுங்கள்’ என்பது போல் ஒரு சைகை செய்தார்.

தையல்காரர் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டினார். புருவத்தை நெரித்தார். உதட்டைப் பிதுக்கினார். உள்ளங்கையை நீட்டினார். நான் பதறிப்போனேன், மறுபடியும் வேண்டாம் என்கிறாரே! ஆனால் இந்தமுறை கை நிற்கவில்லை. திரும்பியது, நெஞ்சைத் தொட்டது, நெற்றிப் பக்கம் ஒரு சுழற்று சுழன்றது, பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து ஏதேதோ சொல்லிக்கொண்டே போயின. பொறியாளர் மொழிபெயர்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள். பதினேழு நிமிடப் பேச்சு நேரில் ஆறே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நடுவே தலைவர் இரண்டு முறை, “அவையில் தனிப் பேச்சு கூடாது” என்று மேசையைத் தட்டினார். அவர்களுக்குக் கேட்கவில்லை.

நூலகர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வலக்கையை நீட்டினார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தையல்காரர் அந்தக் கையைப் பிடித்தார். பார்த்து முடித்த பிறகும் விடவில்லை. அப்படியே இருவரும் அறையை விட்டு வெளியேறினார்கள்.

“நடந்தது வருந்தத்தக்கது” என்று தலைவர் கூட்டத்தைத் தொடர்ந்தார். “பொறுப்பு யாருதுன்னு பாக்கணும். நேரலை ஏன் நடந்துது? கூட்டம் நடந்ததால. கூட்டம் ஏன் நடந்துது? மனு வந்ததால. மனு குடுத்தது யார்?”

தராசு பார்த்த கண் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? வியாழக்கிழமை நெரிசலுக்கு மனுதாரரே முழுப்பொறுப்பு என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொறியாளர் எதிர்த்துக் கை தூக்கினாள். கை, குரல் ஆகாது என்பதால் எண்ணப்படவில்லை.

இருந்தாலும் நாங்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. அடுத்த மாதமே தையல்காரர் கடையைக் காலி செய்துகொண்டு நூலகரின் நகரத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு, இனி எவருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு, அவருடைய கையைக் ‘குரல்’ வகுப்பில் சேர்த்து ஆணை பிறப்பித்தோம். பெருந்தன்மை என்பது இதுதான். இவ்வளவு நல்ல செய்தியைக் கடுதாசியில் போட்டு மூன்று நாள் காக்க வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, முறைப்படி மூன்று தடவை நானே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்று தடவையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. ‘நேரில் விசாரித்தபோதும் சரி, தொலைபேசியில் அழைத்தபோதும் சரி, மனுதாரர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்குக் குரலில் அக்கறை இல்லை என்று குழு கருதுகிறது’ என்று என் கைப்பட எழுதி, கோப்பை மூடினேன்.